முதல் தெருவின் சுவர்

என் கணவரின் வலது கை போய்க்கொண்டிருக்கிறது என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை, முகம் தெரியாத ஆட்டக்காரர்கள். தாங்கள் சொன்னது அதுதான் என்று அவர்களுக்கும் தெரியாது. இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் விளையாட்டை இறக்கிக்கொண்டார்கள், ஆடிப் பார்த்தார்கள், அதில் இருந்த குறையை எழுதி அனுப்பினார்கள். குறை உண்மையானது. அப்படியிருந்தும் அவர்கள் மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த விளையாட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனால், சில்க் போர்டு சிக்னலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து சேருவார். அங்கே அவர் எழுதியதெல்லாம் ஏதோ வெளிநாட்டு இன்ஷூரன்ஸ்காரர்களுக்கான புரோகிராம்.

"நான் எழுதினத யாராவது ஒருத்தன் ஆசையா திறந்து பாத்திருப்பான்னு நெனைக்கிறியா?" என்று கேட்பார்.

"சம்பளத்த நான் ஆசையா பாக்கிறேனே, போதாதா?" என்பேன்.

சிரிப்பார். ஆனால் போதாது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் செய்த ஒன்றை, யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு அந்நியன் திறந்து, கடைசிவரை போய், நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்காகத்தான் விளையாட்டு.

கல்லூரி நாட்களில், தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், டி.வி.யில் செருகி ஆடும் கேசட் விளையாட்டுகளில் பைத்தியமாக இருந்தவர் அவர். ஓடு, குதி, விழு, செத்துப் போ, மறுபடி ஆரம்பி. நாங்கள் இதைச் செய்த காலத்தில் அதெல்லாம் பழசாகிவிட்டது. நிஜம்போலவே தெரியும் விளையாட்டுகள் வந்துவிட்டன. இவருக்கோ கட்டம் கட்டமாகத் தெரியும் பொம்மைதான் வேண்டும், டிங் டிங்கென்ற சத்தம்தான் வேண்டும். படம் போடுவதை என் தலையில் கட்டினார்.

எனக்கு ஓவியம் சுத்தமாக வராது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிராஸ் ஸ்டிச் போடுவேன். எங்கள் சர்ச்சில் பலிபீடத்தின் மேல் விரிக்கும் ஆல்டர் துணியில் ஓடும் திராட்சைக்கொடி என் கைவேலை. கட்டத்துக்கு ஒரு தையல் போடுவதும் கட்டத்துக்கு ஒரு நிறம் வைப்பதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிந்தது. முதல் பூனையைப் போட்டுக் காட்டியபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

விளையாட்டின் பெயர் 'தண்ணி லாரி'. நீலப் பாவாடை கட்டிய ஒரு பெண், இடுப்பில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் குடம். தெருமுனைக்கு லாரி வந்துவிட்டது. மொட்டை மாடிகள், காம்பவுண்ட் சுவர்கள், துணி காயும் கொடிகள் எல்லாவற்றையும் தாண்டி, அது கிளம்புவதற்குள் அவள் போய்ச் சேர வேண்டும். நடுவில் நாய், பூனை, பழுதான பைக், ஒரு ஹவுஸ் ஓனர். விழுந்தால் குடம் உருளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக எங்கள் குடத்தையே மாடிப்படியில் உருட்டி ரெக்கார்ட் செய்தோம். கீழே இருந்த நிஜ ஹவுஸ் ஓனர் வெளியே வந்து, கன்னடம் கலந்த தமிழில் "ஏன்ரீ, தண்ணியும் இல்ல, சும்னே குடத்த உருட்டிக்கினு இருக்கீங்க" என்று கத்தினார். அதுவும் கொஞ்சம் பதிவாகிவிட்டது. வெட்டி எடுக்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருவோம். ஒரு தெருவை முடித்துவிட்டுத்தான் அடுத்த தெரு. அவருக்கு ஒரு பிடிவாதமான விதி இருந்தது.

"என் கையால விழாம தாண்டணும். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அப்பதான் அந்தத் தெரு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஆடிப் பார்த்தது அவர் ஒருவர்தான். எனக்குக் கைவராது, முதல் நாய்க்கே பலியாவேன். வேறு ஆளும் இல்லை. அவர் தாண்டினால் அது சரியான உயரம், விழுந்தால் அது அதிகமான உயரம். எங்கள் அளவுகோல் அவர் கை.

முதல் தெருவின் கடைசியில் ஒரு சுவர். ஆறு வரிசைச் செங்கல், மேலே கண்ணாடிச் சில்லு. அதைத் தாண்ட வலப்பக்க அம்புக்குறியை அழுத்திப் பிடித்து ஓடவிட்டு, விடாமல், அதே கையின் இன்னொரு விரலால் மேல் அம்புக்குறியை அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் தாவல் குறையும். அவர் அந்தச் சுவரை டீ குடித்துக்கொண்டே தாண்டினார். "பாத்தியா, மகாராணி மாதிரி போறா" என்றார்.

மூன்றாவது தெரு வரை அதே ஆறு செங்கல், கண்ணாடிச் சில்லு மட்டும் முதல் தெருவோடு சரி. நான்காவது தெருவில் விழுந்து விழுந்து எழுந்தார். கடைசியில், "ஒரு செங்கல் எடுத்துடு. ஜனங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார். எடுத்தேன். ஆறாவது தெருவில் இன்னொரு வரிசை. "மேஸ்திரி சொல்லிட்டாரு, இடிச்சிட வேண்டியதுதான்" என்று கிண்டல் செய்துகொண்டே எடுத்தேன். பள்ளங்களும் குறுகின, நாய்களும் மெதுவாக ஓடின. ஆடப்போகிறவர்கள்மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆடுகிறவர்களை மதிக்கிறார், நல்ல மனுஷன் என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன்.

அந்த நாட்களிலேயே சட்டையின் மேல் பட்டனை அவர் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் டி-ஷர்ட் போடலாம் என்ற கம்பெனியில் எல்லா நாளும் டி-ஷர்ட்டில் போனார். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க என்னிடம் நீட்டினார். டம்ளரை இடக்கையால் எடுத்தார். இதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த உடனே பதிலும் தயாராக இருந்தது. 'மவுஸ் கை.' அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள். நாளெல்லாம் மவுஸைப் பிடித்தால் வருவது, கம்பெனி டாக்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரி பட்டை கொடுப்பார், பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொல்வார். இவருக்கும் கொடுத்தார். வலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். வலி இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். வலியில்லாமல் பலம் மட்டும் போகிறதே, அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கையில் எது வந்தாலும் அது மவுஸ் கைதான். பட்டையைப் பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

பத்தாவது தெரு முடிந்தபோது அதன் சுவரில் இரண்டு வரிசைச் செங்கல்தான் இருந்தது. எனக்கு அது சுவராகவே தெரியவில்லை. "இது திண்டு மாதிரி இருக்கேங்க" என்றேன். "கடைசித் தெருவாச்சே, களைச்சுப் போயிருப்பாங்க" என்றார். களைத்துப்போனது யார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் போன் லைனில் ஏற்றினால் பாதியில் அறுந்துபோகும் என்பதால், சிடியில் பதிந்து பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப் போனோம். இலவச விளையாட்டுகளை வாங்கி வைக்கும் ஒரு வெளிநாட்டு வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் கோடு மெதுவாக ஊர்ந்தது. கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், சினிமாவா?" என்றார். "இல்ல, எங்க குழந்த" என்றார் இவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வார்த்தை என்னை எங்கோ தொட்டது. கோடு முடிவுக்கு வந்ததும் அவர் இடக்கையை நீட்டினார், நான் குலுக்கினேன். ஏன் இடக்கை என்று கேட்கவில்லை.

விளையாட்டை மூடினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும்படி அவர் எழுதியிருந்தார். எப்படி இருந்தது, எங்கே கஷ்டப்பட்டீர்கள் என்று கேட்கும். அதில் எழுதுவது எங்கள் மெயிலுக்கு வந்துவிடும். ஞாயிறு மதியம் அவர் பாயில் படுத்துக்கொள்வார், நான் பரீட்சைப் பேப்பர் மார்க் வாசிப்பதுபோல ஒவ்வொன்றாக வாசிப்பேன். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் ருசிக்கிறது என்பார்.

முதலில் வந்தவை எங்களைத் தூக்கிக்கொண்டு போயின. குடம் உருளும் சத்தத்தில் என் தங்கை சிரித்து உருண்டாள் என்று ஒருவர். பூனையை வரைந்தவர் யார், கையைக் கொடுங்கள் என்று ஒருவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ வாசி" என்றார். பூனையைப் பற்றியதை நானே கேட்காமல் இரண்டு தடவை வாசித்தேன்.

அடுத்தடுத்த வாரங்களில் ஒரே குறை வர ஆரம்பித்தது. முதல் தெரு உயிரை வாங்குகிறது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. போகப் போகத் தூக்கம் வருகிறது. கடைசித் தெருவை என் அம்மா முடித்துவிட்டார், அவருக்கு மவுஸே பிடிக்கத் தெரியாது. ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார்: எல்லா விளையாட்டும் போகப் போகக் கடினமாகும், இது மட்டும் போகப் போக எளிதாகிறதே, தெருக்களைத் தலைகீழாக அடுக்கிவிட்டீர்களா?

வாசிக்கும்போதே எனக்கு எரிச்சல். "ஓசில ஆடிட்டு பேச்சப் பாரு" என்றேன். அவர் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவனுங்களுக்குப் புரியல. மொதல் தெருவுல கை பழகிடுது. பழகின கைக்கு அப்புறம் எல்லாமே ஈஸியாத்தான் தெரியும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் டீச்சர். "அப்படின்னா புது ஆளுங்கள உக்கார வச்சு, கடைசித் தெருவ மொதல்ல குடுத்துப் பாருங்க. பழகாத கைதானே, விழுந்தாங்கன்னா நீங்க சொல்றது சரி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த யோசனையைச் சொன்ன வாயை நான் பிற்பாடு எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன்.

சர்ச் ஹாலில் சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டம் நடக்கும். கல்லூரியில் படிக்கிறவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, கூட்டம் முடிந்த பிறகு எங்கள் கம்ப்யூட்டரை அங்கே வைப்பது என்று ஏற்பாடு. ஆட்டோவில் ஏற்றும்போது சிபியுவை நான்தான் தூக்கினேன். "மவுஸ் கை" என்று அவர் பட்டையைக் காட்டினார்.

விளையாட்டு செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு என்று அவர் இணையத்தில் படித்துவைத்திருந்தார். ஆடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எங்கே விழுகிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. உதவி செய்தால் உண்மை தெரியாது. "நீதான் முக்கியமா வாய மூடிக்கணும்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

முதலில் உட்கார்ந்தவன் விளையாட்டே ஆடாதவன், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவன். கடைசித் தெருவைத் திறந்து கொடுத்தோம். பேசிக்கொண்டே முடித்துவிட்டான். அடுத்தவளும் முடித்தாள். அதற்கடுத்து வந்தவன் சமோசா தின்ற கையைத் துடைக்காமலே முடித்தான். "அவ்ளோதானா அங்கிள்?" என்றான். பிறகு முதல் தெருவைத் திறந்தோம். அங்கேதான் ஹாலே கூடியது. விழுந்தார்கள், கத்தினார்கள், என்னை விடு என்னை விடு என்று நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். "சக்கத்தா இருக்கு அங்கிள் இந்தத் தெரு, சூப்பர்!" என்றார்கள். குடம் உருண்டுகொண்டே இருந்தது. சிலர் கண்ணாடிச் சில்லுச் சுவரைத் தாண்டவும் செய்தார்கள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை அவர். ஆடுகிறவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கல்லூரிப் பெண், நல்ல பெண், எங்கள் கொயரில் பாடுகிறவள், திரும்பிக் கேட்டாள். "அங்கிள், நீங்க ஆடிக் காட்டுங்க. நீங்க பண்ணதுதானே, கண்ணு மூடிட்டு போயிடுவீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்தார். பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

திரையில் நீலப் பாவாடைக்காரி பைக்கைத் தாண்டினாள். நாயைத் தாண்டினாள், மயிரிழையில். சுவரின் முன் வந்ததும் ஓடினாள், தாவினாள், பாதிச் சுவரில் மோதி விழுந்தாள். குடம் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். வேண்டுமென்றே விழுகிறார், தமாஷ் செய்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவருடைய ஆள்காட்டி விரல் மேல் அம்புக்குறியின்மேல் இருந்தது. அது கீழே போகவில்லை. முழங்கையையே தூக்கி, தோளோடு சேர்த்து அழுத்தினார். அவள் ஒரு சாண் எழும்பி விழுந்தாள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியில் ஹாலில் குடம் உருளும் சத்தம் மட்டும்தான் இருந்தது, எங்கள் வீட்டு மாடிப்படியில் நாங்கள் சிரித்துச் சிரித்து உருட்டிய குடம்.

போதும், எழுந்திருங்க என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். திறக்கவில்லை.

"கீபோர்ட் சரியில்லையா அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமாம்மா. கீபோர்ட்தான்" என்றார்.

அவள் உதவிதான் செய்ய நினைத்தாள். அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே அம்புக்குறிகளை அழுத்திப் பார்த்தாள். நீலப் பாவாடைக்காரி ஓடினாள், எழும்பினாள், கண்ணாடிச் சில்லுக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கினாள்.

"வேலை செய்யுதே அங்கிள்" என்றாள் அவள்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். சிபியு என் மடியில் இருந்தது. படியேறி, விளக்கைப் போட்டதும் நான், "கையக் காட்டுங்க" என்றேன். நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாரா வாரம் ஜெபத்தின்போது நான் பிடித்துக்கொண்டு நிற்கிற கை அது. பிடித்தேனே தவிர பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"மவுஸ்..." என்று ஆரம்பித்தார்.

"மவுசு மண்ணாங்கட்டி!" என்று கத்திவிட்டேன்.

பெரிய நரம்பு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, கையையும் காலையும் நாக்கையும் பார்த்தார்கள். டாக்டர் முதலில் கன்னடத்தில், "யாவாகிந்த?" என்று கேட்டார். எப்போதிலிருந்து. "ஆறு மாசமா சார்" என்றார் இவர். டாக்டர் எழுதப் போனார்.

"இல்ல டாக்டர்" என்றேன். "ரெண்டு வருஷம் ஆகப் போகுது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்மஸுக்கு முன்னாடியிலேர்ந்து."

டாக்டர் நிமிர்ந்தார். "அவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

நான்காவது தெருவில்தான் முதல் செங்கலை எடுக்கச் சொன்னார். வீட்டில் அப்போது ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு வந்து எடுத்தேன். ஆறாவது தெரு, எட்டாவது, ஒன்பதாவது. ஒவ்வொரு சுவரும் எந்த மாதம் என்று எனக்குத் தெரியும். என் கையால் போட்டு, என் கையால் குறைத்த சுவர்கள். ஒரு டாக்டரும் அளக்காததைப் பத்துத் தெருக்களில் ஒழுங்காக அளந்துவைத்திருந்தோம், இரண்டு பேரும் சேர்ந்து, சிரித்துக்கொண்டே.

"செவுரு குறைஞ்சுது டாக்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தசையை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி. மருந்து இல்லை என்பதை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். முதலில் இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, கால், பேச்சு, விழுங்குவது, மூச்சு. வாசலில் இளநீர்க்காரரிடம் இரண்டு வாங்கினோம். அவருக்குப் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்துக் கொடுத்தேன்.

சில வாரங்கள் அந்தக் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. மெயில்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு ஞாயிறு மதியம் அவரே கேட்டார்.

"வாசி."

"வேணாம்."

"வாசின்னா வாசி."

வாசித்தேன். அதே குறைதான், வேறு வேறு வாயில். முடித்ததும் அவர் சொன்னார், "திருப்பிப் போட்டுடு. கடைசித் தெரு மொதல்ல வரட்டும். மொதல் தெரு கடைசில. அவங்க சொல்றது சரிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க கை போனது அவங்களுக்கு வசதியாப் போச்சா? அப்படியே இருக்கட்டும். இஷ்டம் இருந்தா ஆடட்டும், இல்லன்னா போகட்டும்."

"ஆட்டம் நல்லா இருக்க வேணாமா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

இடக்கையும் தளர ஆரம்பித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. தெருக்களின் வரிசையை மாற்றி, தெருப்பலகைகளில் எண்களைத் திருத்தினேன். தாவுவதை ஸ்பேஸ் பாருக்கு மாற்றச் சொல்லிச் சிலர் எழுதியிருந்தார்கள், அதையும் மாற்றினோம். செங்கல்களை மட்டும் தொடவில்லை. இந்தத் தடவை பிரவுசிங் சென்டருக்கு நான் தனியாகப் போனேன். கடைக்காரர், "சார் வரலியா?" என்றார். கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றேன்.

புது விளையாட்டு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு தெருவும் முந்தியதைவிட ஒரு விரல் கடினம், இதைத் திட்டமிட்டவர் ரொம்ப யோசித்திருக்கிறார் என்று ஒருவர் எழுதினார். கடைசிவரை போனேன், பிரமாதம் என்று இன்னொருவர். இந்த ஒரு வரிக்காகத்தான் அவர் இரண்டு வருடம் உட்கார்ந்தது. நான் வாசித்துக் காட்டியபோது அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. 'ரொம்ப யோசித்திருக்கிறார்' என்ற இடத்தில் சிரிப்பு வந்து, சிரிப்பு புரையேறி, முதுகைத் தடவி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும், இன்னொரு தடவை வாசி என்று கண்ணால் காட்டினார். வாசித்தேன். அவருக்குச் சந்தோஷம். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, எழுதியவரையும் இவரையும்.

அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் அவர் போய்விட்டார். கொயரில் அந்தப் பெண்ணும் பாடினாள். கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அன்னிக்கு நான்..." என்றாள். மேலே பேசவிடாமல் அணைத்துக்கொண்டேன். அவள் என்ன செய்வாள்? கீபோர்ட் வேலை செய்கிறதா என்று பார்த்தாள்.

அதன்பிறகுதான் நான் ஆட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பி போட்டுக்கொண்டு உட்காருவேன். இப்போதைய முதல் தெரு, அதாவது அவருடைய கடைசித் தெரு, எனக்கே லேசாக வந்தது. அந்த இரண்டு செங்கலைத் தாண்ட அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று விரல் அழுந்தும்போது தெரிந்தது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகப் போக அவர் கை தேறிக்கொண்டே வந்தது. மூன்று செங்கல், நான்கு, ஐந்து. நான் விழ ஆரம்பித்த தெருக்களில் அவர் நன்றாக இருந்தார். கடைசித் தெருவின் ஆறு செங்கல், கண்ணாடிச் சில்லுச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதை என்னால் தாண்ட முடியவில்லை. குடம் உருளும், மறுபடி ஓடுவேன், குடம் உருளும். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் ஒரு தடவைகூட மேலே வந்து கேட்கவில்லை.

மெயில்கள் குறைந்துபோயின. எப்போதாவது ஒன்று வரும். ஒரு நாள் யாரோ ஒருவர், எந்த ஊரோ, கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, கடைசிச் சுவர் மட்டும் அநியாயம். அதை யாராலும் தாண்ட முடியாது, நீங்களே ஆடிப் பார்க்காமல் வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு வரிசைச் செங்கலை எடுத்துவிடுங்கள்.

எடுப்பதற்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். எத்தனையோ தடவை எடுத்த கை. கேட்டவர் கேட்டதில் தப்பும் இல்லை. கோப்பைத் திறந்து அந்தச் சுவரின் வரிசைகளை எண்ணினேன், ஆறு. பிறகு மூடிவிட்டு, கேட்டவருக்குப் பதில் எழுதினேன்.

இந்தச் சுவரை என் வீட்டுக்காரர் தாண்டியிருக்கிறார், டீ குடித்துக்கொண்டே. எடுக்க மாட்டேன்.